மனைவியின் பிறந்தநாளுக்குச் சாப்பிடவென்றே ஒரு பயணம்: கைக்குழந்தையோடு எங்கே போகலாம்?

கோவைக்காரன்
டிசம்பர் 6, 2025

எல்லோருக்கும் வணக்கம். ஒரு யோசனை கேட்டு வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவிக்குப் பிப்ரவரி 18 அன்று 36 வயது நிறைகிறது. சாப்பாட்டுக்காகவே ஊர் போகிறவள் அவள். கல்யாணமான புதிதில் எந்த ஊரில் இறங்கினாலும் அறைக்குப் போகும் முன்பே ஆட்டோக்காரரிடம் "அண்ணே, நீங்க எங்கே சாப்பிடுவீங்க?" என்று கேட்டுவிடுவாள். மதுரையில் கறிதோசைக்காக நடுராத்திரியில் காத்து நின்றிருக்கிறோம். தூத்துக்குடிக்கு மக்ரூனுக்காக மட்டுமே ஒரு முறை போய்வந்தோம்.

மகள் பிறந்து 20 மாதம் ஆகிறது. இத்தனை நாளில் மனைவி ஒரு வேளைகூட உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நானே தோசை வார்த்துக் கொடுத்தேன். முதல் விள்ளலைச் சட்னியில் தோய்க்கும்போது உள்ளே மகள் அழுதாள். மனைவி எழுந்து போய், அரை மணி நேரம் கழித்து வந்து, விறைத்துப்போன அந்தத் தோசையை நின்றபடியே தின்றுவிட்டுப் போனாள். புதிதாக ஒன்று வார்க்கிறேன் என்றதற்கு "பரவாயில்லை, பசி அடங்கிடுச்சு" என்றாள். அந்த ஒரு வார்த்தை என்னை விடவே இல்லை.

அதனால் இந்தப் பிறந்தநாளுக்கு நகை, புடவை எதுவும் வேண்டாம், நல்ல சாப்பாட்டு ஊராகப் பார்த்துக் கூட்டிப்போக வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். ஐந்தாறு நாள். சென்னையிலிருந்து கிளம்பலாம். சிங்கப்பூர், பாங்காக், மலேசியாவின் பினாங்கு மூன்றும் மனதில் இருக்கின்றன. மாட்டிறைச்சி நாங்கள் சாப்பிடுவதில்லை. பன்றி அவள் சாப்பிடுவாள், நான் மாட்டேன். மீன், இறால், நண்டு என்றால் இருவருக்கும் உயிர். மகள் காரம் தாங்கமாட்டாள். சிறு குழந்தையோடு போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

சிங்கை வாசி
டிசம்பர் 6, 2025

குழந்தை வசதி ஒன்றை மட்டும் பார்த்தால் யோசிக்கவே வேண்டாம், சிங்கப்பூர்தான். தள்ளுவண்டியை எங்கேயும் தூக்க வேண்டியதில்லை. எம்ஆர்டி ரயில் நிலையம் எல்லாவற்றிலும் லிஃப்ட் இருக்கிறது. இங்கத்து உணவங்காடிப் பண்பாட்டை 2020இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. ஒரே கூரையின் கீழ் மீன்தலைக் கறி, கோழிச்சோறு, லக்சா, பரோட்டா எல்லாம் கிடைக்கும். சின்ன இந்தியாவில் இருக்கும் தேக்கா நிலையத்தில் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். தங்குமிடச் செலவுதான் கையைக் கடிக்கும். மூவர் ஆறு நாள் தங்கும் பணத்தில் பக்கத்து ஊர்களில் இரண்டு மடங்கு நாள் தங்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரட்டையரின் அம்மா
டிசம்பர் 7, 2025

தம்பி, உங்கள் தோசைக் கதையைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த "பசி அடங்கிடுச்சு" எனக்கும் தெரியும்.

நாங்கள் இரட்டையருக்கு இரண்டு வயதானபோது பாங்காக் போனோம். சாப்பாடு அபாரம். ஆனால் நடைபாதையில் கடையும் கம்பமும் மாறி மாறி வரும், வண்டியைத் தள்ள முடியவில்லை. எங்கள் பிள்ளைகள் ஆறு நாளும் ஒட்டுச்சோறு, சுட்ட கோழி, மாம்பழம் இந்த மூன்றிலேயே ஓட்டினார்கள். அதில் தப்பே இல்லை, வயிறு கெடவில்லை.

நாங்கள் செய்த தவறு வேறு. ஒரு நாளைக்கு மூன்று பெரிய சாப்பாடு என்று எழுதிவைத்துக்கொண்டு போனோம். இரண்டாம் நாளே நாலு பேரும் அழுகை. மூன்றாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஒரே ஒரு சாப்பாட்டைத்தான் தேடிப் போவது, மற்ற இரண்டும் பக்கத்தில் எது கிடைக்கிறதோ அது என்று மாற்றிக்கொண்டோம். அதற்கப்புறம்தான் பயணம் பயணமாக இருந்தது.

இன்னொன்று, நேரம். மலேசியாவும் சிங்கப்பூரும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். குழந்தையின் கடிகாரத்தை மாற்ற முயலாதீர்கள். நம் ஊர்க் கணக்கிலேயே தூங்கட்டும். இங்கே எட்டரைக்குத் தூங்குகிறவள் அங்கே பதினொன்றுக்குத் தூங்குவாள். இரவுக் கடைகளில் நிதானமாக இருக்கலாம். மதியம் ஒரு மணித் தூக்கம் அங்கே மூன்றரைக்கு வரும், வெயில் உச்சத்தில் அறைக்குள் இருப்பீர்கள். ஐந்தாறு நாளுக்கு உடம்பை ஏன் வருத்த வேண்டும்?

மேற்கு மாம்பலம்
டிசம்பர் 7, 2025

வேறு மாதிரி சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். குழந்தையைப் பாட்டியிடம் நான்கு நாள் விட்டுவிட்டு இருவர் மட்டும் போய்வாருங்கள். சூடாகச் சாப்பிட வேண்டும் என்றால் அதுதான் உறுதியான வழி. நாங்கள் அப்படித்தான் செய்தோம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

கோவைக்காரன்
டிசம்பர் 7, 2025

கோபமெல்லாம் இல்லை அண்ணா, நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன். மனைவியிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். இரவு இன்னும் பால் குடிக்கிறாள், விட்டுவிட்டுப் போனால் எனக்கு ஒரு வாய் இறங்காது என்றாள். அவளுக்கு இறங்காத சாப்பாட்டை நான் வாங்கிக் கொடுத்து என்ன பயன்? மூவரும்தான் போகிறோம்.

பினாங்குக்காரி
டிசம்பர் 8, 2025

வணக்கம் தம்பி. நான் பிறந்து வளர்ந்து வாக்கப்பட்டது எல்லாமே பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுன். என் மூன்று பிள்ளைகளும் கோப்பிக் கடை முக்காலியில் உட்கார்ந்து பசியாறி வளர்ந்தவர்கள். அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.

முதலில் தேதி. 2026இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17. நீங்கள் சொல்லும் 18 புத்தாண்டின் இரண்டாம் நாள். அந்த நேரம் மட்டும் சாப்பாட்டுக்கென்று பினாங்கு வந்துவிடாதீர்கள். இங்குள்ள பேர்பெற்ற கடைகளில் பாதிக்கு மேல் சீனக் குடும்பங்கள் நடத்துபவை. நான்கைந்து நாளாவது மூடிவிடுவார்கள், சிலர் இரண்டு வாரமும் திறக்கமாட்டார்கள். ஆசையாக வந்து இரும்புக் கதவைப் பார்த்துவிட்டுப் போகும்படி ஆகிவிடும். தேதியை நகர்த்த முடியுமா?

நகர்த்த முடிந்தால் இந்த ஊர் உங்களுக்குச் சரியாக இருக்கும். காரணம் ருசி மட்டும் இல்லை, பரிமாறும் முறை. இங்கே எல்லாம் சின்னத் தட்டு. ஒரு கடைக்காரர் ஒரே பண்டம்தான் செய்வார், அதுவும் நீங்கள் கேட்டபிறகு. சார் கோய் தியாவ் என்றால் ஒரு தட்டுக்கு ஒரு வறுவல். தட்டையான அரிசி நூடுல்ஸ், இறால், முளைப்பயறு, முட்டை, சிப்பி எல்லாம் வாணலியில் இரண்டு மூன்று நிமிடம் குதிக்கும், நேரே தட்டுக்கு வரும். எட்டிலிருந்து பன்னிரண்டு ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இருவருக்கும் ஒன்றாக ஆர்டர் கொடுக்காதீர்கள். முதலில் மனைவிக்கு ஒரு தட்டு. அவர் சாப்பிடும்போது நீங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடங்கள். அவர் முடித்துக் கையைத் துடைத்தபிறகு உங்கள் தட்டுக்குச் சொல்லுங்கள். அப்போது அவர் குழந்தையை வாங்கிக்கொள்வார். பெரிய உணவகத்தில் இது நடக்காது, எல்லாத் தட்டும் ஒன்றாக வந்து ஒன்றாக ஆறும். நானும் என் கணவரும் பத்து வருடம் இப்படித்தான் சாப்பிட்டோம்.

குழந்தைக்குக் கவலையே வேண்டாம். கோய் தியாவ் தங் என்று தெளிந்த சூப்பில் நூடுல்ஸ் கிடைக்கும், மிளகாய் தனியாகத்தான் வைப்பார்கள். பன்றி எலும்பில் செய்கிற கடையும் உண்டு, வாத்தும் கோழியும் போடுகிற கடையும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். இடியாப்பத்தை இங்கே புத்து மாயாம் என்பார்கள், தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் போட்டுத் தருவார்கள். காலையில் தோசை, ரொட்டி சானாய், ஆப்பம் எல்லாம் மூலைக்கு மூலை. "தாக் மாவ் பெடாஸ்" என்றால் காரம் வேண்டாம் என்று பொருள். இந்த மூன்று சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

தள்ளுவண்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பழைய கடைவீடுகளுக்கு முன்னால் இருக்கும் நடைபாதையை நாங்கள் அஞ்சடி என்போம். ஒரு வீட்டில் ஒரு படி ஏறும், அடுத்த வீட்டில் இரண்டு படி இறங்கும், அதற்கடுத்ததில் மோட்டார் சைக்கிள் நிற்கும். மார்பில் கட்டும் பை இருந்தால் போதும்.

சிங்கை வாசி
டிசம்பர் 8, 2025

வண்டியை விட்டுவரச் சொல்வதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். 11, 12 கிலோக் குழந்தையை 33 டிகிரி வெயிலில் நாள் முழுக்க நெஞ்சில் கட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். மடித்துத் தோளில் மாட்டும் சின்ன வண்டி ஒன்று எடுத்துப்போங்கள். விமான நிலையத்திலும் பேரங்காடியிலும் உதவும்.

பினாங்குக்காரி
டிசம்பர் 8, 2025

மடிக்கிற வண்டி என்றால் சரிதான். பழைய ஊருக்குள் பை, மற்ற இடத்தில் வண்டி.

கோவைக்காரன்
டிசம்பர் 9, 2025

அக்கா, நீங்கள் சொல்லாவிட்டால் இந்நேரம் பிப்ரவரி 16க்கு டிக்கெட் எடுத்திருப்பேன். மனம் நிறைந்த நன்றி.

வீட்டில் பேசினேன். என் மாமியார் ஒரு வழி சொன்னார். மனைவிக்கு மாசி மாதம் அனுஷம் நட்சத்திரம். இந்த முறை அது மார்ச் 10, செவ்வாய்க்கிழமை வருகிறது. "நாங்க எப்பவும் நட்சத்திரத்துக்குத்தான் பாயசம் வைப்போம், இங்கிலீஷ் தேதியெல்லாம் நீங்க கொண்டு வந்தது" என்றார். ஆக மார்ச் 6 போய் 12 திரும்பலாம் என்று இருக்கிறோம். சீனப் புத்தாண்டின் பதினைந்து நாளும் அதற்குள் முடிந்துவிடும். சரிதானே?

பினாங்குக்காரி
டிசம்பர் 9, 2025

உங்கள் மாமியாருக்கு என் வணக்கம். மார்ச் 10 நல்ல நாள். ஆனால் அது ரமலான் மாதம், அதையும் தெரிந்துகொண்டு வாருங்கள். மலாய்க் கடைகள் பகலில் பெரும்பாலும் மூடியிருக்கும். சீனக் கடைகளும் சின்ன இந்தியாவின் சைவக் கடைகளும் வழக்கம்போல நடக்கும். பிற்பகலில் தெருவோரம் ரமலான் சந்தை கூடும். நோன்பு திறக்கும் நேரம் ஏழரையை ஒட்டி வரும், அதுவரை பலகாரம், சுட்ட மீன், வகைவகையான கறி என்று தெருவே மணக்கும். வாங்கலாம், ஆனால் நோன்பு திறக்கும்வரை அங்கேயே நின்று தின்னாமல் அறைக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுவது மரியாதை.

குழந்தைக்கு ஒரு வரம் இருக்கிறது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவார்கள். நம் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல், 200 ஆண்டுக்கு மேல் ஆகிறது. பிற்பகல் அசர் தொழுகைக்கு அப்புறம் பாத்திரம் எடுத்துப் போய் வரிசையில் நிற்பவர்களுக்கு ஊற்றுவார்கள். உங்கள் மகளுக்கு அதைவிட நல்ல சாப்பாடு இந்த ஊரில் வேறு இல்லை.

நாசி கண்டாரை மறந்துவிடாதீர்கள். நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் தோளில் வைக்கும் காவடிக் கம்பு. ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறுபக்கம் குழம்புப் பானை என்று கட்டித் துறைமுகத்தில் விற்றவர்கள் நம் தமிழ் முஸ்லிம்கள்தான். கேம்பல் தெருவில் ஹமீதியா கடை 1907இலிருந்து நடக்கிறது. குழம்புகளைக் கலந்து நிறைய ஊற்றச் சொல்ல "பஞ்சிர்" என்பார்கள், வெள்ளம் என்று பொருள். அதில் மாட்டுக்கறிக் குழம்பும் சேரலாம், அதனால் "மாடு வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பல கடைகளில் தமிழிலேயே சொல்லலாம்.

குழந்தைகள் வார்டு செவிலி
டிசம்பர் 10, 2025

ருசியைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் பயப்பட வேண்டிய இடங்களை மட்டும் சொல்கிறேன். பயமுறுத்துவதற்கு இல்லை, வார்டில் பார்த்ததால்.

பயணத்தில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும் என்றுதான் எல்லோரும் அஞ்சுவார்கள். அதற்கு ஓஆர்எஸ் பொட்டலம் நாலைந்து, உங்கள் டாக்டர் எடைக்கு ஏற்ப எழுதிக் கொடுத்த காய்ச்சல் மருந்து, கொதித்து ஆறிய தண்ணீர், இவ்வளவு போதும். நான் அதைவிட அஞ்சுவது சூடான சூப்புக் கிண்ணத்தை. இந்த வயதில் மேசை விளிம்பில் எது இருந்தாலும் கை எட்டி இழுக்கும். முக்காலியில் மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடும்போது கிண்ணம் குழந்தையின் கைக்கு எட்டாத பக்கத்தில்தான் இருக்க வேண்டும். அடுப்பும் எண்ணெய்ச் சட்டியும் நடைபாதைக்குப் பக்கத்திலேயே இருக்கும், அங்கே இறக்கி விடாதீர்கள்.

அடுத்தது தொண்டையில் அடைப்பது. மீன் உருண்டை, திராட்சை, லோங்கன் பழம் மாதிரி உருண்டையாக வழுக்குவது எதையும் முழுசாகக் கொடுக்காதீர்கள். நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள். பசை மாதிரி ஒட்டும் அரிசிப் பலகாரங்களும் அப்படித்தான். அரைவேக்காட்டு முட்டை, சரியாக வேகாத சிப்பி வேண்டாம். வேர்க்கடலை சேர்ந்த குழம்பு, இறால் இரண்டையும் வீட்டிலேயே ஒரு முறை கொடுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள். ஒவ்வாமை இருந்தால் அது வெளியூரில் முதல்முறை தெரியக் கூடாது.

ரயிலடி
டிசம்பர் 10, 2025

டிக்கெட் பற்றி ஒரு வரி. இரண்டு வயது நிறையும்வரைதான் மடிக்குழந்தைக் கட்டணம். திரும்பும் நாளிலும் இரண்டு நிறையாமல் இருக்க வேண்டும். உங்கள் கணக்குப்படி மார்ச்சில் 23 மாதம், தப்பித்தீர்கள். ஏப்ரலுக்குத் தள்ளினால் தனி இருக்கை வாங்க வேண்டிவரும். சென்னையிலிருந்து பினாங்குக்கு 2024 டிசம்பரில் நேரடி விமானம் தொடங்கினார்கள், கோலாலம்பூரில் இறங்கி மாறவேண்டியதில்லை. இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை என்ற சலுகை 2026 கடைசிவரை இருக்கிறது. ஆனால் எம்டிஏசி என்கிற வருகைப் படிவத்தை இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், குழந்தைக்கும் தனியாக.

கோவைக்காரன்
மார்ச் 15, 2026

போய்வந்துவிட்டோம். இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதினீர்கள், நடந்ததை முழுசாகச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

நேரக் கணக்கு அப்படியே பலித்தது. மகள் அங்கத்து ஒன்பதரைக்கு எழுந்தாள். பத்தேகாலுக்குப் பசியாறக் கிளம்பினோம் (இந்தச் சொல் எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது அக்கா). சில காலைக் கடைகள் அதற்குள் தீர்ந்துபோயிருந்தன, ஆனாலும் பட்டினி கிடக்கவில்லை. முதல் நாள் புத்து மாயாமைப் பார்த்ததும் மகள் "இயாப்பம்" என்று கத்தினாள். அந்நிய ஊரில் அவளுக்குத் தெரிந்த ஒரு பண்டம் வாழையிலையில் வந்ததில் எங்களுக்கும் தைரியம் வந்தது. மூன்றரைக்குத் தூக்கம். மாலை ஆறரைக்கு மேல் வெளியே.

நோன்புக் கஞ்சி மூன்றாம் நாள். தங்கிய இடத்தில் ஒரு தூக்குப் பாத்திரம் இரவல் கேட்டு வாங்கிப் போனோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு சீனத் தாத்தா, பின்னால் ஒரு மலாய்ப் பெண். அண்டாவிலிருந்து மொண்டு ஊற்றியவர் மகளைப் பார்த்துவிட்டு "பாப்பாவுக்கா? ஆற வெச்சுக் குடுங்கம்மா" என்று தமிழில் சொன்னார். வெந்தயமும் பூண்டும் கரைந்த அந்தக் கஞ்சியை மகள் அன்று இரண்டு கிண்ணம் குடித்தாள். வீட்டில் ஒரு கிண்ணத்துக்கு ஒரு மணி நேரம் ஆக்குகிறவள்.

பினாங்கு மலைக்கு ரயிலில் ஏறினோம், மேலே குளுமையாக இருந்தது, அவ்வளவுதான். தாவரவியல் பூங்காவில் குரங்குகள் இருக்கின்றன, கையில் தின்பண்டத்தோடு குழந்தையை விடாதீர்கள். தண்ணிமலை முருகனை வெளியிலிருந்தே கும்பிட்டோம், அத்தனை படியை மகளைச் சுமந்துகொண்டு ஏற முடியவில்லை.

ஒரு தவறும் செய்தேன். அக்கா அவ்வளவு சொல்லியும், பிறந்தநாள் என்றால் ஒரு நல்ல உணவகத்தில் மேசை போட்டுச் சாப்பிட வேண்டும் என்ற எண்ணம் போகவில்லை. 9ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு சீனமும் மலாயும் கலந்த ஞோஞா சமையல் செய்கிற ஓர் இடத்தில் முன்பதிவு செய்துவிட்டேன். அழகான பழைய வீடு, வெள்ளைத் துணி விரித்த மேசை. ஆர்டர் எடுக்கவே இருபது நிமிடம். குழந்தை நாற்காலி கேட்டேன், இல்லை என்றார்கள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி எழுந்து மகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். எல்லா உணவும் ஒரே நேரத்தில் வந்து இறங்கியது. நான் போய் அழைத்தேன், மகள் என்னிடம் வரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து மனைவி வந்து உட்கார்ந்தபோது கோழிக் குழம்பின் மேல் எண்ணெய் ஆடையாகப் படிந்திருந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். இதிலிருந்து தப்பிப்பதற்குத்தானே கடல் தாண்டி வந்தோம் என்று எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

மறுநாள்தான் பிறந்தநாள். காலையில் குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலில் அவள் பேருக்கு அர்ச்சனை செய்தோம். 1833இல் கட்டிய கோயில் என்றார்கள், கடைவீதிக்கு நடுவில் நம் ஊர்க் கோயில் போலவே இருந்தது. திரும்பி வந்தபோது நாங்கள் தங்கிய வீட்டுக்காரரின் அம்மா, எண்பது வயது இருக்கும், எங்களைக் கீழே சமையலறைக்குக் கூப்பிட்டார். நேற்று மகனிடம் பிறந்தநாள் என்று சொன்னது அவர் காதுக்குப் போயிருக்கிறது. மேசையில் ஒரு பீங்கான் கிண்ணம். கோழிச் சாற்றில் முடி போல மெல்லிய மீ சுவா நூடுல்ஸ், அதன் மேல் சாயம் ஏற்றிய இரண்டு சிவப்பு முட்டை. அவர்கள் வழக்கத்தில் பிறந்தநாள் சாப்பாடு அதுதான். நூடுல்ஸ் எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆயுசாம்.

மகளுக்குத் தனிக் கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து, செவிலி சொன்னபடி கத்தரிக்கோலால் பொடியாக வெட்டினேன். வெட்டிய கையோடு, மனைவிக்கும் சாப்பிட எளிதாக இருக்கட்டும் என்று அவள் கிண்ணத்துப் பக்கம் கத்தரியைக் கொண்டுபோனேன். பாட்டி சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தலையை ஆட்டினார். அவர் பேசிய ஹொக்கியன் சீனம் எனக்குப் புரியவில்லை, ஆனால் எதற்காகப் பிடித்தார் என்று புரிந்தது. அப்புறம் மகளைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டு, முட்டையை உருட்டி விளையாட்டுக் காட்டினார். மனைவி அந்தக் கிண்ணத்தைக் கடைசிச் சொட்டுவரை ஆவி பறக்கக் குடித்தாள்.

அன்று இரவு முன்பதிவு எதுவும் இல்லை. சூலியா தெருப் பக்கம் தள்ளுவண்டிக் கடைகள். அக்கா சொன்ன மாதிரி ஒரே ஒரு சார் கோய் தியாவ், சிப்பி இல்லாமல், வாத்து முட்டையோடு. நான் மகளைக் கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் அஞ்சடியில் நின்றேன். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. அடுப்பு நாக்கு நீட்டி வாணலி விளிம்பை நக்குகிறது. கடைக்காரர் ஒரு கை நூடுல்ஸை விசிறுகிறார், சோயாச் சாறு பட்ட இடத்தில் சர்ரென்று புகை. முட்டையை ஓரத்தில் உடைத்துக் கரண்டியால் இழுத்து மூடுகிறார். கடைசியாக ஒரு பிடி முளைப்பயறும் பூண்டுத்தழையும். வாழையிலை போட்ட தட்டு அவள் முன்னால் போனது. அவள் முதல் வாய் எடுத்துவிட்டு, சூடு தாங்காமல் வாயைத் திறந்து காற்றை ஊதினாள். வாயில் சூடு பட்டு அவள் ஊதுவதைப் பார்த்து எனக்கு இரண்டு வருடம் ஆகிறது.

முடித்துவிட்டு இங்கே பார்த்துக் கையைக் காட்டினாள், "இன்னொன்று" என்று. எனக்காக என்று நினைத்துப் போனேன். இல்லை, அவளுக்கேதான். சாப்பிடட்டும் என்று திரும்பவும் தெருவைக் கடந்து நின்றேன்.

நான் அதைச் சாப்பிடவில்லை, பன்றிக் கொழுப்பில் வறுக்கிறார்கள். பக்கத்து வண்டியில் மீன் உருண்டை நூடுல்ஸ் சாப்பிட்டேன், அதுவும் சூடாகத்தான் வந்தது.

மேற்கு மாம்பலம்
மார்ச் 15, 2026

படித்தேன் தம்பி. குழந்தையை விட்டுப் போகச் சொன்னவன் நான்தான். அந்தக் கஞ்சியும் பாட்டியும் குழந்தை கூட வந்ததால் கிடைத்தவை. நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன்.

குழந்தைகள் வார்டு செவிலி
மார்ச் 16, 2026

வயிறு எப்படி இருந்தது? அதைச் சொல்லவே இல்லையே.

கோவைக்காரன்
மார்ச் 16, 2026

ஒன்றும் ஆகவில்லை சிஸ்டர். ஓஆர்எஸ் பொட்டலம் அப்படியே திரும்பி வந்தது. சூப்புக் கிண்ணத்தை மகள் ஒரு முறை எட்டினாள், நீங்கள் சொல்லியிருந்ததால் ஏற்கெனவே நகர்த்தி வைத்திருந்தேன்.

அனுஷம்
மார்ச் 17, 2026

வணக்கம். இவர் எழுதுகிற அந்த மனைவி நான்தான். நேற்றிரவுதான் இந்த இழையைக் காட்டினார். டிசம்பரில் தொடங்கி இத்தனை பேர் எனக்காக யோசித்திருக்கிறீர்கள் என்று தெரியாமலேயே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் நன்றி.

உணவகத்தில் நடந்ததை இவர் பெரிதாக எழுதியிருக்கிறார். எனக்கு அது அவ்வளவு வருத்தம் இல்லை. வாசலில் நின்றபோது எதிர் வீட்டில் ஓர் அம்மா விளக்கேற்றிக்கொண்டிருந்தார், மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் இரண்டாவது தட்டு விஷயம் உண்மை. முதல் தட்டை ருசி பார்த்துச் சாப்பிட்டேன். இரண்டாவதை, இனி எப்போது வருவோமோ என்று மனப்பாடம் செய்வதற்காகச் சாப்பிட்டேன்.

பினாங்கு அக்காவிடம் ஒரு கேள்வி. பாட்டி கொடுத்த மீ சுவா ஒரு பொட்டலம் கொண்டுவந்திருக்கிறேன். ஏப்ரலில் மகளுக்கு இரண்டு வயது. அவளுக்குச் செய்து கொடுக்க ஆசை. சாற்றில் நேரே போட்டால் கரைந்துவிடுகிறது. பாட்டி எப்படிச் செய்தார் என்று பார்க்க மறந்துவிட்டேன்.

பினாங்குக்காரி
மார்ச் 17, 2026

வாம்மா அனுஷம், பிறந்தநாள் வாழ்த்துகள், தாமதமாக.

சாற்றில் நேரே போடக் கூடாது. மீ சுவாவிலேயே உப்பு நிறைய இருக்கும், அது சாற்றில் இறங்கிக் கெடுத்துவிடும். தனியாக நிறையத் தண்ணீர் கொதிக்க வைத்து, அதில் போட்டு முப்பது நாற்பது வினாடியில் அரித்து எடுத்துவிடு. கிண்ணத்தில் வைத்து, மேலே கொதிக்கிற கோழிச் சாற்றை ஊற்று. உடனே சாப்பிட்டுவிட வேண்டும், வைத்தால் ஊறிக் கூழாகிவிடும். சாற்றுக்கு நாட்டுக்கோழி, இரண்டு துண்டு இஞ்சி, போதும். உப்பு கடைசியில் ருசி பார்த்துப் போடு.

முட்டையை அவித்த பிறகு சிவப்பாக்க இங்கே சாயத்தாள் விற்பார்கள். உனக்குக் கிடைக்காவிட்டால் பீட்ரூட் சாற்றில் கொஞ்சம் வினிகர் விட்டு ஊறவை. பிள்ளை கிண்ணத்தில் தாராளமாக வெட்டலாம், இரண்டு வயதுக்கு அது தோஷம் இல்லை. பொட்டலம் தீர்ந்தால் சொல், சென்னை வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புகிறேன்.